நோனா கேட்ட மூன்றாவது கேள்வி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு முழங்கால் வலியில் தொடங்கி, சர்க்கரையைச் சுற்றி, கடைசியில் சின்ன வயதுக் குறும்புகளில் போய் நிற்கிறது. துரை பங்களாவில் பேரிக்காய் திருடியதை ஒருவர் சொல்வார். கொழுந்து லொறியில் ஒளிந்து நுவரெலியாவுக்குப் படம் பார்க்கப் போனதை இன்னொருவர் சொல்வார். என் முறை வரும்போது நான் டீக் கோப்பையைக் கழுவ எழுந்து போய்விடுவேன். அதைக் கவனித்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது சிரித்துக்கொண்டு சொல்லக்கூடிய கதை இல்லை. அதனால்தான் எழுதித் தருகிறேன். படித்துவிட்டு என்னை என்ன நினைப்பீர்களோ, நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் எனக்குப் பதின்மூன்று வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. ராகலையிலிருந்து மேலே ஏறும் தோட்டமொன்றில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஓரத்துக் காம்பரா எங்களுடையது. ஒரே அறை, அதன் முன்னால் இஸ்தோப்புத் திண்ணை, பின்னால் புகை அடைத்த குசினி. அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா தோட்டத்துத் தபால்காரர். காலையில் காக்கித் துணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ராகலைத் தபால் கந்தோருக்கு இறங்குவார். பிற்பகலில் துரைக்கும் மற்றவர்களுக்கும் வந்த கடிதங்களோடு ஏறி வருவார். அந்தப் பையின் பித்தளைப் பூட்டைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பது என் வேலை. விரலில் ஏறிய அந்தப் பித்தளை வாடை பள்ளிக்கூடம் வரை கூட வரும்.

அக்கா ஸ்டோரில் வேலை செய்தாள். தேயிலைத் தொழிற்சாலையை நாம் அப்படித்தானே சொல்லுவோம். காய்ந்த தேயிலையைச் சல்லடைகளில் போட்டுத் தரம் பிரிக்கும் அறையில் அவளுக்கு வேலை. ஒரு கை தேயிலையை அள்ளி விரலிடுக்கில் வழியவிட்டு, பார்க்காமலே அது எந்தத் தரம் என்று சொல்லிவிடுவாள். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா இரண்டு தடவை சோதித்துப் பார்த்தார். மூன்றாம் தடவை சோதிக்கவில்லை. வைகாசி பிறந்ததும் சாம்பிள் ரூமுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒவ்வொரு தரத்திலிருந்தும் கொஞ்சம் எடுத்து, சின்னத் தகர டப்பாவில் அடைத்து, மேலே ஆங்கில எழுத்தில் பேர் எழுதிக் கொழும்புக்கு அனுப்பும் அறை அது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, கண்ணாடி ஜன்னல். லயத்துப் பெண் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்வதை எங்கள் தோட்டம் அதுவரை பார்த்ததில்லை. அக்கா என் பழைய கொப்பியில் அந்த எழுத்துகளை எழுதி எழுதிப் பழகினாள். சாப்பிடும்போது கூட ஈர விரலால் தட்டின் ஓரத்தில் எழுதுவாள்.

நாய்க்குட்டி வந்தது அந்தத் தை மாதத்தில்.

"மிட்வைஃப் நோனா வீட்டுல நாய் குட்டி போட்டிருக்கு" என்று அதற்கு முந்திய மார்கழித் தொடக்கத்தில் ஒரு மாலை அப்பா சொன்னார். "அஞ்சு. காதெல்லாம் தரையில இழுபடுது."

"அத எதுக்கு எங்ககிட்ட சொல்றீங்க?" என்றாள் அம்மா. "அந்த சாதி நாய்க்கெல்லாம் முட்டை அவிச்சுப் போடணும். நம்ம வீட்டுல மனுசனுக்கே கெழமைக்கு ஒண்ணுதான்."

"அப்ப இனி நாய்க்கு முட்டை, ஒனக்கு கோது" என்று அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்தக் கண்ணடிப்பில் எனக்கு ஆசை பற்றிக்கொண்டது.

நோனா ஓய்வு பெற்ற சிங்கள மருத்துவிச்சி. ராகலைக்குக் கொஞ்சம் மேலே, சைப்ரஸ் வேலி போட்ட வீட்டில் இருந்தார். வேறு பக்கத்துத் தோட்டங்களில் முப்பது வருடம் பிள்ளைப்பேறு பார்த்தவர், சீமைக்குப் போன ஒரு துரை விட்டுப்போன ஒரு சோடி ஸ்பானியல் நாய்களை வாங்கி வளர்த்தார். மனிதப் பிள்ளைகளைப் பார்த்த அதே ஒழுங்கோடு நாய்க்குட்டிகளையும் பார்த்தார். பிள்ளைகளை நிறுக்கும் தொங்கு தராசு அவருடைய விறாந்தையில் தொங்கியது. ஒவ்வொரு குட்டியையும் வெள்ளிக்கிழமை தோறும் அதில் போட்டு நிறுத்துப் புத்தகத்தில் எழுதுவார். நுவரெலியாவில் ஹோட்டல் வைத்திருந்த ஒரு முதலாளி குட்டி கேட்டுக் காரை அனுப்பியிருக்கிறார். 'முற்றத்தில் சங்கிலியில் கட்டி வைப்பதற்கு என் குட்டி இல்லை' என்று சொல்லி நோனா காரை வெறுமையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். விலையைப் பற்றி எங்களோடு அவர் பேசவே இல்லை. அப்பா ஒவ்வொரு தடவையும் லயத்துக்குப் பின்னால் நாங்கள் போட்ட லீக்ஸும் கரட்டும் ஒரு கட்டுக் கொண்டுபோனார்.

மூன்று தடவை எங்களை வரச்சொன்னார். முதல் தடவை பார்க்க மட்டும். இரண்டாம் தடவை, தாய் நாய் என் கையை முகர்ந்து பார்க்க. "தாய்க்குப் புடிக்காத ஆளுக்கு நான் குட்டி குடுக்கிறது இல்ல" என்றார். அது என் கையை முகர்ந்தது, பித்தளை வாடைக்கு ஒரு தும்மல் போட்டது, பிறகு நக்கியது.

மூன்றாம் தடவை கேள்விகள். அப்பா ஒரு ரெஜிஸ்டர் கடிதத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். நோனா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம்தான் கேட்டார்.

"நாய் எங்க படுக்கும்?"

"இஸ்தோப்புல, நோனா. சாக்கு விரிச்சு."

"நீ பள்ளிக்கூடம் போனா யாரு பாக்கிறது?"

"அம்மா பன்னெண்டு மணிக்கு வந்துட்டுப் போவாங்க."

"வீட்டில யாருக்காவது இழுப்பு இருக்கா? மூச்சுக் கஷ்டம், சும்மா சும்மா தும்முறது? இந்த நாய்க்கு முடி நிறையக் கொட்டும். அப்பிடி ஆள் இருந்தா சரிவராது, புத்தா, மகன்."

அக்காவுக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்தது. பத்து வயதோடு நின்றுவிட்டது. வெளியில் யாரிடமும் அதைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டளை. கட்டிக்கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு நெஞ்சில் கோளாறு என்று ஒரு லயத்தில் பேச்சு எழுந்தால் அது பத்து லயத்துக்குப் போகும். அம்மா சொன்னதால்தான் மறைத்தேன் என்று நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. குட்டி அப்போது என் காலணி வாரைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"இல்ல, நோனா" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏலாம போனா ரோட்டில விடக்கூடாது. வேற ஆளுக்குக் குடுக்கவும் கூடாது. எப்பவா இருந்தாலும் இங்க கொண்டு வரணும். நான் ஏசமாட்டேன். ஏன்னு கூட கேக்கமாட்டேன்."

இறங்கி வரும்போது அப்பா முணுமுணுத்தார். "லயத்து ஆளுங்கன்னுதான் இத்தன கேள்வி. துரைமார் கேட்டா தூக்கிக் குடுத்திருக்கும்." முதலாளி அனுப்பிய காரையே திருப்பி அனுப்பியவர் அவர் என்பது அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் ஒருவர் நம்மை இவ்வளவு கேள்வி கேட்டால் அது நம்மைத் தாழ்த்தத்தான் என்று நினைத்தே பழகியிருந்தோம்.

குட்டி எட்டு வாரம் முடிந்த அன்று வீட்டுக்கு வந்தது. ஊசி போட்டதற்கான துண்டுச் சீட்டொன்றை நோனா கொடுத்திருந்தார். அப்பா அதைப் பிறப்புச் சான்றிதழ்கள் இருந்த தகரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். காய்ந்த தேயிலையின் நிறத்தில் இருந்ததால் அக்கா அதற்கு ஒரு தரத்தின் பேரையே வைத்தாள். பீக்கோ. அது இஸ்தோப்புச் சாக்கில் முதல் நாள் மட்டும் படுத்தது. ஸ்டோரிலிருந்து வரும் அக்காவின் சேலையில் இருந்த தேயிலை வாசம் அதற்குப் பிடித்திருக்க வேண்டும். இரண்டாம் நாள் அவளுடைய பாயில் ஏறியது, பிறகு இறங்கவில்லை. அட்டை கடித்த அதன் காதுகளுக்கு உப்புத் தண்ணீர் ஒற்றுவதும் அவள்தான். நான் கேட்டு வாங்கிய நாய் ஒரே வாரத்தில் அவளுடையதாகிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாசி முடிவில் அவளுக்குத் தும்மல் வந்தது. பிறகு நெஞ்சில் விசில் போல் ஒரு சத்தம். அம்மா கற்பூரவள்ளி இடித்துக் கொடுத்தாள். தைப்பனி உள்ளே தங்கிவிட்டது என்றாள். பங்குனியில் பொல்பிட்டியவில் இருந்த மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு அம்மாவும் அக்காவும் போய் ஒரு கிழமை தங்கினார்கள். அங்கே ஒரு தும்மல் கூட இல்லையாம். திரும்பி வந்த அன்று மாலையே இழுப்பு வந்தது.

"அங்க சூடு, இங்க குளிரு" என்றாள் அம்மா.

"அங்க ஸ்டோர் இல்ல" என்றார் அப்பா.

அங்கே பீக்கோவும் இல்லை என்பது எனக்கு மட்டும் தோன்றியது. நோனாவின் மூன்றாவது கேள்வியை வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் காதால் கேட்டிருக்கவில்லை.

உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. பீக்கோவுக்குத் தெள்ளு பிடித்திருக்கிறது என்று சொல்லி மூன்று நாள் விறகுக் கொட்டிலில் கட்டினேன். அக்காவின் பாயை வெயிலில் உதறிப் போட்டேன். மூன்றாம் நாள் காலையில் அவள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தலை வாரினாள். பாடும் அளவுக்கு அவளுக்கு மூச்சு இருந்தது. அன்று வேலை முடிந்து வந்ததும் நேரே கொட்டிலுக்குப் போய், "தெள்ளாவது பூரானாவது" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, பீக்கோவைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசற்படியில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்து, மூச்சைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. மருந்தும் தெரிந்துவிட்டது: நாலு மைல் நடை, ஒரு சைப்ரஸ் வேலி, ஏசாத ஒரு நோனா.

நான் செய்தது வேறு. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பீக்கோவைத் தேயிலை மலைக்குள் கூட்டிப்போய் வாரினேன். உதிர்ந்த முடியை ஒரு பால்மா டின்னில் சேர்த்து, குழி தோண்டிப் புதைத்தேன். அக்காவின் தலையணையை ஒளித்து ஒளித்துத் தட்டினேன். முடியைக் குறைத்தால் போதும், இன்னும் கொஞ்ச நாள் போனால் அவளுக்குப் பழகிவிடும் என்று நம்ப முயன்றேன். அவள் ஒவ்வொரு தடவை இருமும்போதும் நான் எழுதிக்கொண்டிருந்த எழுத்து கோணும். அந்தக் காலத்துக் கொப்பி ஒன்று என்னிடம் வெகு நாள் இருந்தது. அதில் எந்த நாள் அவளுக்குக் கூடுதலாக இருந்தது என்பதை என் கையெழுத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

ஒரு சனிக்கிழமை நோனா வந்தார். குட்டி கொடுத்த வீடுகளுக்கெல்லாம் அவர் அப்படி ஒரு தடவை போவாராம். குடையும் கைப்பையுமாக லயத்துப் படிகளில் ஏறி வந்ததைப் பார்த்துப் பக்கத்துக் காம்பரா அத்தை, "யாருக்கு வயித்து வலி?" என்று கேட்டாள். அப்பாவும் அம்மாவும் வேலையில் இருந்தார்கள். அக்கா முடியாமல் உள்ளே படுத்திருந்தாள்.

நான் இஸ்தோப்புச் சாக்கைக் காட்டினேன். அன்று காலையில்தான் அதை விரித்திருந்தேன். நோனா பீக்கோவைத் தூக்கி, காதைப் புரட்டி, பல்லைப் பார்த்து, முதுகு முடிக்குள் விரலை விட்டுத் தேடினார். "நல்லா வாரியிருக்கு. நல்ல பொடியன்" என்றார். மறைப்பதற்காக வாரியது அது. அந்தப் பாராட்டு என் காதைச் சுட்டது.

உள்ளே அக்கா இருமினாள். நீளமான, கடைசியில் விசிலடிக்கும் இருமல்.

நோனா தலையை உயர்த்தினார். "அது யாரு?"

"அக்கா. சளி, தடிமன், நோனா."

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முப்பது வருடம் மூச்சுச் சத்தம் கேட்டுப் பழகிய காது அது. ஒரு அடி உள்ளே வைத்திருந்தால் போதும். ஆனால் அழைக்காத வீட்டுக்குள் போகிறவர் இல்லை அவர், நான் அழைக்கவில்லை. "கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கச் சொல்லு" என்றார். படியிறங்கும்போது ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தார்.

சித்திரையில் அப்பா அக்காவை மருந்துக் காம்பராவுக்குக் கூட்டிப்போனார். மருந்துப் போத்தல் தூக்க நானும் போனேன். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா அக்காவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார்.

"எங்க வேலை?"

"ஸ்டோர்லங்க. சல்லடை ரூம்ல" என்றார் அப்பா.

"அப்புறம் என்ன. தேயிலைத் தூசி. பஞ்சு மாதிரி உள்ளுக்குள்ள அடைஞ்சிருக்கு."

"ஸ்டோர்ல இருக்கிறப்ப எனக்கு ஒண்ணும் செய்யலங்க ஐயா" என்றாள் அக்கா. "வீட்டுக்கு வந்தாத்தான் இழுக்குது."

"பகல்ல இழுத்த தூசி பொழுது சாஞ்சாத்தான் வேலையக் காட்டும்." அவர் எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, "வீட்டுக்குள்ள கோழி, பூனை ஏதாச்சும் விடுறீங்களா?" என்று கேட்டார்.

என் கையில் போத்தல் வழுக்கியது.

"கோழியெல்லாம் வெளியதாங்க" என்றார் அப்பா. "நாய் ஒண்ணு இருக்கு. ஆனா அது நம்ம லயத்து நாய் இல்லீங்க. மிட்வைஃப் நோனா வீட்டுது. ஊசி போட்டு துண்டும் இருக்கு. சோப்பு போட்டு குளிக்கிற நாய்ங்க."

"அப்பிடின்னா பரவால்ல" என்று ஐயா சிரித்தார். "அது ஒங்கள விடச் சுத்தமா இருக்கும்."

அப்பாவும் சிரித்தார். இன்று யோசிக்கும்போது அந்தச் சிரிப்புதான் எனக்கு நடுக்கம் தருகிறது. தெருநாய் ஒன்று எங்கள் காம்பராவில் படுத்திருந்தால் அன்றைக்கே அடித்து விரட்டியிருப்பார்கள். பங்களாச் சாதி நாய், துண்டு உள்ள நாய் என்பதால் அதன் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பெரிய இடத்திலிருந்து வந்தது நமக்குக் கெடுதல் செய்யாது. கெடுதல் என்றால் அது நம் உடம்பிலும் நம் வேலையிலும்தான் இருக்கும் என்று இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே மாதிரி நம்பினார்கள். நான் வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை.

திரும்பும் வழியில் அக்கா அப்பாவின் பின்னால் நடந்தபடி கேட்டாள்: "இன்னும் பதினெட்டு நாளுப்பா. சாம்பிள் ரூம்ல தூசியே கிடையாது."

"ஸ்டோர்ன்னா ஸ்டோர்தான். அடுத்த ரூம்ல இருந்து வராதா?"

"ஜன்னல் இருக்குப்பா."

"மொதல்ல மூச்ச விடு, புள்ள. நாற்காலி எங்கயும் ஓடிறாது."

அடுத்த நாளிலிருந்து அவள் ஸ்டோருக்குப் போகவில்லை. நாள் முழுக்கக் காம்பராவுக்குள், மூடிய ஜன்னலோடு, மடியில் பீக்கோவோடு இருந்தாள். மழை தொடங்கியது. அவளைத் தேற்றுவதற்காக அது அவள் கழுத்தில் முகத்தை வைத்துப் படுத்திருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தக் காட்சியை நினைத்துக் கொண்டிருப்பேன்.

வைகாசியில் ஒரு நண்பகல், பள்ளிக்கூடம் இல்லாத நாள், நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தபோது அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. பேச வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஆட்களைக் கூப்பிட நான் மலைக்கு ஓடினேன். வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். நாலு ஆண்கள் அவளைக் கம்பளியில் வைத்து ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். கொழுந்து லொறியில், ஈரக் கொழுந்துச் சாக்குகள் மேல் அவளைப் படுக்க வைத்து, அம்மா தலைமாட்டில் உட்கார, நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்று முழுவதும் அவள் இருப்பாளா மாட்டாளா என்பது எங்களுக்குத் தெரியாது. பீக்கோ அவளுடைய பாயில் படுத்துக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு ராகலைக்கு நடந்தேன். நோனா தோட்டத்தில் பூச்செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். எழுந்து, மண் கையைப் பாவாடையில் துடைத்து, பீக்கோவை வாங்கிக்கொண்டார். சொன்னபடியே ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை பொய் சொல்லியிருப்பேன். கேட்காததால் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒனக்கு எப்போ தெரியும்?"

"பங்குனியில, நோனா."

அவர் பீக்கோவின் காதைத் தடவினார். "அனே, பவ் அந்தப் புள்ள" என்றார். அவர் இரக்கப்பட்டது எனக்கல்ல, அக்காவுக்கு. "நாய் இங்க வந்தாச்சு. அது முடிஞ்சுது. நீ டாக்டர்கிட்ட சொல்லணும். அப்பாகிட்ட சொல்லணும். ஸ்டோர் வேலையில பிழை இல்லன்னு அவங்களுக்குத் தெரியணும். நீ சொல்றியா, நான் வரட்டுமா?"

"நான் சொல்றேன், நோனா."

சொல்லத்தான் நினைத்தேன். படியேறும்போது பக்கத்துக் காம்பரா அத்தை, "எங்கடா நாயைக் காணோம்?" என்று கேட்டாள். அந்த மாதம் கீழ் லயத்தில் இரண்டு நாய்களைச் சிறுத்தை தூக்கியிருந்தது. "சிறுத்தை தூக்கிருச்சு, அத்தை" என்றேன். யோசிக்காமல் வந்தது.

அன்று சாயங்காலம் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். அக்கா கண் திறந்துவிட்டாள், கஞ்சி குடித்தாள் என்றாள். அத்தை நாய்ச் செய்தியைச் சொன்னாள். அம்மா அப்படியே இஸ்தோப்பில் உட்கார்ந்தாள். மாரியம்மன் கோவில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஒரு உயிர எடுத்துக்கிட்டு ஒரு உயிரக் குடுத்துட்டா ஆத்தா" என்றாள்.

நண்பர்களே, பதின்மூன்று வயதுப் பையன் அந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் சுலபமாகச் சொல்லிவிடலாம். அம்மா மஞ்சள் துணியில் நேர்த்தி முடிந்துகொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு பிற்பகலும் அப்பா பையோடு ஏறி வரும்போது அவர் முகத்தைப் பார்ப்பேன். நோனாவைச் சந்தித்துவிட்டாரா என்று. அக்கா வீடு திரும்பிய கிழமை, பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "நோனாகிட்ட இருந்து எனக்கு. ஆயிரம் பேருக்குக் கொண்டு குடுத்தேன், எனக்கு வந்தது இதுதான் மொத கடுதாசி. வாசி பாப்போம்."

கூட்டெழுத்தில் ஆங்கிலக் கடிதம்; நோனாவுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அப்பாவுக்கு ஆங்கிலத்தில் விலாசம் படிக்க மட்டும்தான் தெரியும். அக்காவுக்கு டப்பாவில் எழுதும் அச்செழுத்து மட்டும்தான் தெரியும். எனக்குப் பாதி புரிந்தது. பாதி போதுமாக இருந்தது. மகளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார். மகன் சொன்னதை டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டிருந்தார். நாய் சாப்பிடுகிறது, ஆனால் கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது. மகள் குணமானதும் எந்த நாளிலும் வந்து தோட்டத்தில், வெளிக்காற்றில் வைத்து அதைப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்.

"குட்டிக்கு அடுத்த ஊசி போடுற நாள் வந்திருச்சாம்" என்று வாசித்தேன்.

அப்பா பெருமூச்சு விட்டார். "பாவம், நோனாவுக்கு விசயம் தெரியாது. சிறுத்தை கதையச் சொன்னா மனசு ஒடஞ்சிரும். விடு." கடிதத்தை நான் அடுப்பில் போட்டேன். ஆடியில் நோனா தம் மகனோடு இருக்கப் பண்டாரவளைப் பக்கம் போய்விட்டதாகத் தபால் கந்தோரில் சொன்னார்கள். அதைக் கேட்டபோது எனக்கு வந்தது நிம்மதி. அதற்காகவும் வெட்கப்படுகிறேன்.

அக்கா தேறினாள். இழுப்பு மறுபடி வரவே இல்லை. ஒரு மாதம் பொறுத்து, திரும்ப ஸ்டோருக்குப் போகிறேன் என்று கேட்டாள். அப்பா, "ஆத்தாகிட்ட வாங்கிட்டு வந்த உயிர மறுபடி தூசியில போடச் சொல்றியா?" என்றார். ஸ்டோரை விட்டு நின்றதும் சுகமானதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்களே. அவளே அதை நம்பத் தொடங்கினாள். நாற்காலி பெரிய கிளாக்கரின் உறவுப் பெண்ணுக்குப் போனது. அக்கா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அம்மாவோடு மலைக்குப் போனாள். முப்பத்தாறு வருடம், மழையிலும் அட்டையிலும். அவள் பறித்த கொழுந்தில் நான் படித்தேன், ஆசிரியரானேன், ஓய்வும் பெற்றேன். பொய் சொல்லக்கூடாது என்று எத்தனை பிள்ளைகளின் கையில் பிரம்பால் அடித்திருப்பேன்.

அப்பாவும் அம்மாவும் உண்மை தெரியாமலே போய்ச் சேர்ந்தார்கள். அக்காவிடம் போன பங்குனியில்தான் சொன்னேன். அதே தோட்டத்துக்குக் கீழே மகளோடு தனி வீட்டில் இருக்கிறாள். முற்றத்தில் உட்கார்ந்து சுளகில் பருப்புக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பார்வை மங்கிவிட்டது, விரல்தான் பார்க்கிறது. நான் கேள்வியிலிருந்து கடிதம் வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் விரல் நிற்கவில்லை.

முடித்த பிறகு கேட்டாள். "அப்ப பீக்கோவ சிறுத்தை தூக்கலையா?"

"இல்லக்கா."

"எத்தன வருசம் இருந்துச்சு?"

"தெரியாதுக்கா."

"கடுதாசியில நோனா வந்து பாக்கச் சொல்லியிருந்துச்சுங்கிற."

"ஆமா."

"நீ போகல."

"போகல."

"நீ போகாட்டி போ. என்னைய அனுப்பியிருக்கலாம்ல" என்றாள். சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். டீயை மகள்தான் கொண்டுவந்து வைத்தாள். குடிக்க முடியவில்லை, ஆறிப்போனது.

நாலு மணி பஸ்ஸுக்கு நான் எழுந்தபோது, வழக்கம்போல ரோடு வரைக்கும் வந்தாள். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஸ்டோர். சாயங்கால வேலை நடந்துகொண்டிருந்தது. காயும் தேயிலையின் வாசம் ரோட்டைக் கடந்து வந்தது. அக்கா முந்தானை நுனியை எடுத்து மூக்குக்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் கை நின்றது. முந்தானையை விட்டுவிட்டாள்.

"அப்ப தூசி எனக்கு ஒண்ணும் பண்ணல" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

"இல்லக்கா."

"அம்பது வருசத்துக்கு மேல இந்த வாசலத் தாண்டுறப்பல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டுப் போயிருக்கேன்."

பஸ் வந்து நின்றது. போகும்போது எப்போதும் சொல்லும் 'பாத்துப் போ' என்பதை அவள் சொல்லவில்லை. நான் ஏறினேன்.